"நிறைய போகுது" என்று சொன்னால் போதாது: அதிக உதிரப்போக்குக்காக மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

"பீரியட்ஸ் என்றால் சிலருக்கு அப்படித்தான் இருக்கும்." இதை மூன்று மருத்துவர்கள் என்னிடம் சொன்னார்கள். மூன்றாமவர் சொன்ன வாரத்தில் நானாகப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.4. ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் அது. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது.

நான்காவது மருத்துவரிடம் போனபோது என் கையில் ஒரு தாள் இருந்தது. எந்தத் தேதியில் எத்தனை நாப்கின், ஒவ்வொன்றும் எவ்வளவு நனைந்தது, எத்தனை ரத்தக்கட்டி விழுந்தது, இரவில் எத்தனை முறை எழுந்தேன் என்று மூன்று மாதம் குறித்து வைத்த தாள். அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். அன்றே ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எனக்குப் போன ரத்தம் நான்கு பேரிடமும் ஒன்றுதான். நான் சொன்ன விதம் மட்டும் மாறியிருந்தது.

இப்படிக் கணக்கெழுதிக் கொண்டு போவது நம் வேலையா என்று கேட்டால், இல்லை. அந்தக் கேள்விகளை மருத்துவர்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் உடைந்த கையைக் காட்டுவதுபோல இந்த ரத்தத்தைக் காட்ட முடியாது. "நிறைய" என்ற சொல்லை அவரவர் அனுபவத்துக்கு ஏற்றபடி அளந்துகொள்கிறார்கள். அதனால் முதல் முறையாகப் போகிறவர்கள் அந்த "நிறைய"வை எண்ணாக மாற்றிக்கொண்டு போங்கள்.

முதலில்: காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் கணக்கெழுத உட்காராதீர்கள். அவசர சிகிச்சைக்குப் போங்கள். தலைசுற்றி விழுவது, நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இதயம் படபடவென்று அடிப்பது, இவற்றில் எது சேர்ந்தாலும் அப்படித்தான். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ரத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே போக வேண்டும். மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்த பிறகு வரும் ரத்தம், ஒரு துளியானாலும், பரிசோதிக்க வேண்டிய ஒன்று.

எது அதிகம்?

பழைய மருத்துவக் கணக்கு ஒன்று உண்டு: ஒரு மாதவிடாயில் 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம். சராசரியாகப் போவது 30 முதல் 40 மி.லி. வரைதான். வீட்டில் யாரும் இதை அளந்து பார்ப்பதில்லை. அதனால் அன்றாடம் கண்ணில் படும் அடையாளங்களைப் பாருங்கள்.

8 நாளுக்கு மேல் நீடிப்பது. பல மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால்தான் தாங்கும் என்ற நிலை. மாற்றுவதற்காகவே இரவில் எழுவது. கட்டைவிரல் நுனியைவிடப் பெரிய, அதாவது சுமார் 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகள். படுக்கையும் துணியும் கறையாவது. இவற்றில் ஒன்று மாதாமாதம் நடந்தாலே மருத்துவரிடம் பேசலாம்.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் மி.லி. கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒரு பெண்ணின் உடலையோ மனதையோ பிறரோடு பழகுவதையோ பொருள் நிலையையோ பாதிக்கும் உதிரப்போக்கு எல்லாமே அதிக உதிரப்போக்குதான் என்று வரையறுக்கிறது. அந்த நாட்களில் வேலைக்குப் போக முடியவில்லை, வெளியே கிளம்பினால் கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் பார்க்கிறீர்கள் என்றால் அதுவே போதுமான காரணம். "மற்றவர்களுக்கு இதைவிட மோசமாக இருக்குமோ, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ" என்று தயங்காதீர்கள். நான் அப்படித் தயங்கியே இரண்டு வருடம் போய்விட்டது.

கணக்கு எழுதும் முறை

1990இல் பிரிட்டனில் ஒரு படக் குறிப்பு அட்டவணை வெளியானது. இன்றும் மகளிர் மருத்துவர்களுக்கு அது தெரியும். நாப்கின் லேசாகக் கறையாகியிருந்தால் 1 புள்ளி, நடுத்தரமாக நனைந்திருந்தால் 5, முழுதாக நனைந்திருந்தால் 20. டேம்பான் என்றால் 1, 5, 10. சிறிய கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு மாதவிடாயின் எல்லா நாட்களையும் கூட்டி 100ஐத் தாண்டினால் 80 மி.லி.க்கு மேல் போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

ஒரு நாளை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். முழுதாக நனைந்தவை 4, அதற்கு 80. நடுத்தரமானவை 3, அதற்கு 15. பெரிய கட்டி 2, அதற்கு 10. மொத்தம் 105. ஐந்தாறு நாளுக்கும் சேர்த்துச் சொன்ன எல்லையை ஒரே நாளில் தாண்டியாயிற்று. இந்த எண்ணை மருத்துவர் முன்னால் வைத்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

நாப்கின்கள் அன்று இருந்ததைவிட இப்போது அதிகம் உறிஞ்சுகின்றன. அதனால் புள்ளியை ஒரு மதிப்பீடாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மென்ஸ்ட்ருவல் கப் வைப்பவர்களுக்கு இந்த வேலையே எளிது: பல கப்களில் மி.லி. கோடு போட்டிருக்கும், கொட்டும் முன் பார்த்து எழுதிவிடலாம். துணி வைப்பவர்கள் எத்தனை முறை மாற்றினார்கள், எவ்வளவு நேரத்தில் நனைந்தது என்று எழுதினால் போதும்.

இரண்டு மூன்று மாதம் எழுதினால் நல்லது. ஆனால் அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதம் ஒன்று மட்டும் இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

போவதற்கு முந்தின நாள்

அறைக்குள் நுழைந்ததும் பாதி மறந்துவிடும். அதனால் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது, புள்ளிக் கணக்கு. இது எப்போது தொடங்கியது: வயதுக்கு வந்ததிலிருந்தே இப்படியா, நடுவில் மாறியதா? இந்த ஒரு விடையே காரணத்தைத் தேடும் திசையைத் தீர்மானிக்கும். இடையிலும் உறவுக்குப் பிறகும் ரத்தம் வருகிறதா? வலி எப்படி? சாப்பிடும் மருந்துகள் என்னென்ன? ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளும் ஆஸ்பிரினும் போக்கைக் கூட்டும். காப்பர் டி வைத்திருந்தாலும் கூடும். அதையும் எழுதுங்கள்.

அப்புறம், உடல் இழந்ததற்கான அடையாளங்கள். எப்போதும் களைப்பு, முடி கொட்டுவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, இரவில் கால் குறுகுறுத்துத் தூங்க முடியாமல் போவது, பனிக்கட்டியையோ மண்ணையோ சாப்பிடத் தோன்றுவது. கடைசியில் சொன்னதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவின் மிகத் தெளிவான அடையாளங்களில் அது ஒன்று. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். "போன மாதம் இவள் குளியலறையில் மயங்கி விழுந்தாள்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குத் தனி எடை கிடைக்கிறது. அது நியாயமில்லைதான். இருந்தாலும் அது உதவும் என்றால் உதவட்டும்.

அறைக்குள் பேசுவது

முதல் வாக்கியத்தில் எண்களைச் சொல்லிவிடுங்கள். "டாக்டர், எனக்கு 12 நாள் ரத்தம் போகிறது. இரண்டாவது, மூன்றாவது நாளில் மணிக்கு ஒரு நாப்கின் மாற்றுகிறேன். போன மாதம் 3 நாள் வேலைக்குப் போகவில்லை. இதற்கு என்ன காரணம் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "மாத்திரை கொடுங்கள்" என்று போனால் மாத்திரையோடு வெளியே வருவோம். "காரணம் என்ன" என்று கேட்டால் அவர் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நம்மில் பலர் மருத்துவர் முன்னால் துன்பத்தைச் சுருக்கிச் சொல்வோம். "கொஞ்சம் அதிகமாக இருக்கு டாக்டர், சமாளிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். அவர் குறிப்பில் "சமாளிக்கிறார்" என்றுதான் எழுதுவார். எப்படிச் சமாளிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இருட்டு நிறத் துணி மட்டும் உடுத்துகிறேன், பயணத்தை எல்லாம் அந்தத் தேதிக்கு ஏற்ப மாற்றுகிறேன், இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன் என்று.

தட்டிக்கழிக்கும் பதில்கள் வந்தால் கோபப்படாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "இந்த வயதில் அப்படித்தான்" என்றால், "வயதுதான் காரணம் என்று எந்தப் பரிசோதனையில் தெரியும்?" என்று கேட்கலாம். "டென்ஷன்" என்றால், "டென்ஷன் இருக்கிறது டாக்டர். வேறு காரணம் இல்லை என்று முதலில் பார்த்துவிடலாமா?" "எடையைக் குறையுங்கள்" என்றால், "முயற்சி செய்கிறேன். அதுவரை போகிற ரத்தத்துக்கு என்ன செய்வது?" "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றால் பதிலே தேவையில்லை, அது சிகிச்சை அல்ல. உடலில் சேமித்து வைத்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லிப் பேச்சைத் திருப்புங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் ஒரு வேண்டுகோள் பெரும்பாலும் பலன் தரும்: "சரி டாக்டர். நான் சொன்ன அறிகுறிகளையும், இப்போது பரிசோதனை தேவையில்லை என்று நீங்கள் நினைப்பதற்கான காரணத்தையும் என் குறிப்பில் எழுதிவிடுங்கள்." எழுத வேண்டும் என்றதும் பலர் மறுபடி யோசிப்பார்கள். இதைச் சண்டை போடும் குரலில் சொல்ல வேண்டாம். அமைதியாகச் சொன்னாலே போதும்.

என்னென்ன பரிசோதனைகள் கேட்கலாம்

முழு ரத்த எண்ணிக்கை, அதோடு ஃபெரிட்டின். இரண்டும் வேண்டும். உடலில் சேமித்து வைத்த இரும்பு முதலில் கரையும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அதனால் "ஹீமோகுளோபின் 12, நார்மல்தான்" என்று அனுப்பிவைக்கப்பட்ட பெண்ணின் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கக்கூடும். 80 மி.லி. ரத்தத்தோடு ஏறக்குறைய 35 முதல் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. குடல் உணவிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. மாதாமாதம் இதைவிட அதிகமாகப் போனால் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது. "சத்தாகச் சாப்பிடு" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 30க்குக் கீழேயே குறைபாடு என்று எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள் பலர். ஆய்வகத் தாளில் "நார்மல்" என்று அச்சாகியிருந்தாலும் எண்ணை நீங்களே பாருங்கள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அறிகுறி இருந்தால் தைராய்டும் பார்ப்பார்கள். அடுத்தது ஸ்கேன். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் தெளிவு அதிகம். அது வேண்டாம் என்றால் வயிற்றின் மேல் வைத்துச் செய்யும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கருப்பையின் உட்படலத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் தேவைப்படும். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு, உடல் பருமன், மருந்துக்கு அடங்காத போக்கு இருப்பவர்களுக்கு அந்த வயதுக்கு முன்பே தேவைப்படலாம்.

ஸ்கேன் நார்மல் என்றதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் பலர் தொலைந்துபோகிறார்கள். மகளிர் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2011இல் காரணங்களை 9 வகையாகப் பிரித்தது. அதில் பாலிப் (உட்படலத்தில் வளரும் சதைத் துணுக்கு), அடினோமயோசிஸ் (உட்படலத் திசு கருப்பைச் சுவருக்குள் வளர்வது), நார்க்கட்டி (ஃபைப்ராய்டு), புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும் ஆகிய 4 மட்டுமே உருவமாகப் பார்க்கக்கூடியவை. ரத்தம் உறைவதில் கோளாறு, கருமுட்டை சரியாக வெளிவராதது, உட்படலத்தின் கோளாறு, மருந்தும் சாதனமும் தரும் விளைவு, வேறு வகையில் அடங்காதவை என்று மீதி 5 வகை இருக்கின்றன. அவற்றை ஸ்கேனில் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே ஸ்கேன் நார்மல் என்றால், "அப்படியானால் மீதி ஐந்தில் எது?" என்று கேளுங்கள்.

எனக்கு இருந்தது 2 செ.மீ. நார்க்கட்டி. இவ்வளவு சிறியது ஒன்றும் செய்யாது என்று ஒருவர் சொன்னார். ஆனால் அது கருப்பையின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் இருக்கும் பெரிய கட்டியைவிட உட்குழிக்குள் இருக்கும் சின்னக் கட்டி அதிகம் ரத்தம் வரவைக்கும். அளவைக் கேட்கும்போது இடத்தையும் கேளுங்கள்.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்"

இந்த வாக்கியத்தை நாமே சமாதானமாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் இது ஒரு துப்பு.

1926இல் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற ஃபின்லாந்து மருத்துவர், ஆலந்து தீவுகளில் வாழ்ந்த ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த ரத்தக் கசிவு நோயை விவரித்தார். அவர் கவனித்த சிறுமி பின்னர் 13 வயதில், நான்காவது மாதவிடாயின்போது ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். பரம்பரையாக வரும் ரத்தக் கசிவு நோய்களில் இதுவே மிகப் பரவலானது. லேசான வகை உள்ளவர்களில் பலருக்கு, அது இருப்பதே தெரியாமல் வாழ்நாள் போய்விடுகிறது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதே நிலை இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அது இயல்பாகத் தெரிகிறது.

வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போகிறது என்றால், அதோடு பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா, அறுவை சிகிச்சையிலோ பிரசவத்திலோ அதிகம் போனதா, காரணமில்லாமல் தோல் கன்றிப்போகிறதா, அடிக்கடி மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வருகிறதா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று பாருங்கள். ஆம் என்றால் உறைதல் பரிசோதனைகளும், ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபான் வில்லிபிராண்ட் காரணியின் அளவும் பார்க்கும்படி கேளுங்கள். ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மன அழுத்தம், கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எல்லாம் இந்த அளவை ஏற்றிக் காட்டும். ஒருமுறை நார்மலாக வந்தாலும் சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு: பூப்பெய்திய முதல் ஒன்றிரண்டு வருடம் நாள் தவறி வருவது சகஜம்தான். ஆனால் பிள்ளை வகுப்பில் மயங்கி விழுவது, இரண்டு வாரம் நிற்காமல் போவது எல்லாம் சகஜம் அல்ல. அதைப் "போகப் போகச் சரியாகும்" என்று விடாதீர்கள்.

சிகிச்சை பேசும்போது

டிரானெக்ஸாமிக் ஆசிட் ஹார்மோன் அல்ல. ரத்தம் அதிகம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடுவது. போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஆகாது. மெஃபனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் வலியோடு போக்கையும் ஓரளவு குறைக்கும். ஆனால் உறைதல் கோளாறு இருந்தால் அவை ரத்தத்தைக் கூட்டிவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் கசியும் கருப்பைச் சாதனம் மருந்து முறைகளில் மிக வலுவானது. முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச் சொட்டாக ஒழுங்கில்லாமல் வரும் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பயப்பட மாட்டீர்கள். காப்பர் டியோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நோரெதிஸ்டிரோன் மாத்திரை ரத்தத்தை நிறுத்தும், விட்டதும் திரும்ப வரும். மாதாமாதம் அதை மட்டுமே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தால், "இது எத்தனை நாளைக்கு? காரணத்துக்கு என்ன செய்யப்போகிறோம்?" என்று கேளுங்கள்.

எடுத்த எடுப்பில் கருப்பையை எடுத்துவிடலாம் என்றால், மற்ற வழிகள் ஏன் எனக்கு ஒத்துவராது என்று கேட்டுவிட்டு, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் வாங்குங்கள். எல்லாம் முயன்று களைத்து நீங்களே அதைக் கேட்கிறீர்கள் என்றால், அந்த விருப்பத்தையும் அவர் மதிக்க வேண்டும். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிகிச்சையின் பாதி அதை வைத்துத்தான் முடிவாகிறது.

இரும்பு மாத்திரையை ரத்தப்போக்குச் சிகிச்சையோடு சேர்த்தே தொடங்க வேண்டும். தினம் ஒன்று, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். அதிகம் விழுங்கினால் அதிகம் சேரும் என்றில்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு தாங்கவில்லை என்றால் பாதியில் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி வேறு வகைக்கு மாறலாம், நரம்பு வழியாக ஏற்றியும் கொள்ளலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் 3 மாதம் தொடர வேண்டும். நான் முதல் முறை இதைத் தெரியாமல் நிறுத்திவிட்டேன், நான்கே மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன்.

அடுத்த சந்திப்புக்கான தேதியைக் கேட்டு வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். சிகிச்சை தொடங்கிய பிறகும் அதே முறையில் கணக்கு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய தாளையும் புதிய தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புள்ளி இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்க அந்த இரண்டு தாள் போதும்.